உங்களுக்குத் தெரியுமா? ஒதெல்லோ வேடத்தில் ஐரா ஆல்ட்ரிஜ்

● இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து ஓவியக் கூடத்தின் சேகரிப்பு ஒரு கறுப்பின நடிகரின் உருவப்படத்தோடுதான் தொடங்கியது. அந்தக் கூடத்தின் முன்னோடியான ராயல் மான்செஸ்டர் இன்ஸ்டிட்யூஷன் 1827-இல் முதன்முதலாக விலை கொடுத்து வாங்கிய படம் அது. 1882-இல் அந்நிறுவனத்தின் சேகரிப்பு முழுவதும் நகரத்தின் சொத்தானது. படம் இன்றும் அந்தக் கூடத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது. அன்றைய மான்செஸ்டர் பஞ்சாலைகளின் ஊர். அந்த ஆலைகளுக்குக் கப்பலேறி வந்த அமெரிக்கப் பருத்தி அடிமைகள் பறித்தது. அப்படிப்பட்ட ஊர் தன் முதல் படமாக இதைத் தேர்ந்தெடுத்தது சாதாரணச் செய்தியல்ல.

● படத்துக்கு 'ஒதெல்லோ, வெனிஸின் மூர்' என்று பெயர்; ஷேக்ஸ்பியர் நாடகத்தின் கறுப்பின நாயகன்தான் ஒதெல்லோ. வேடத்தின் பெயர் இருக்கிறது, வேடமிட்டவரின் பெயர் இல்லை! அவர் ஐரா ஆல்ட்ரிஜ், அப்போது வயது சுமார் 19. தலையும் தோளும் மட்டும் தெரியும் படம். பின்னணி முழுக்க இருட்டு. கழுத்தில் வெள்ளைக் காலர். கண்கள் நம்மைப் பார்க்காமல் ஒருபக்கமாகத் திரும்பியிருக்கின்றன, யாரோ சொல்லிவிட்டுப் போன ஒன்றை நம்புவதா வேண்டாமா என்று தவிப்பவரைப் போல. ஒதெல்லோவின் மனதில் சந்தேகத்தை விதைக்கும் வில்லன் இயாகோவின் பேச்சு காதில் விழுந்த கணம் அது என்றே எனக்குப் படுகிறது. வாள், திரைச்சீலை, அரண்மனைத் தூண் என்று எதையும் வைக்காமல், முகத்தை மட்டும் நம்பி ஓவியர் நாடகத்தைச் சொல்லிவிடுகிறார்.

● வரைந்தவர் ஜேம்ஸ் நார்த்கோட், புகழ்பெற்ற ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் சீடர். 1826-இல் இதை வரைந்தபோது அவருக்கு வயது 80.

● ஆல்ட்ரிஜ் பிறந்தது 1807-இல், நியூயார்க்கில். ஆப்பிரிக்க ஃப்ரீ ஸ்கூல் என்ற பள்ளியில் படித்தார். 1821-இல் வில்லியம் பிரவுன் என்பவர் கறுப்பின நடிகர்களையே வைத்து ஆப்பிரிக்கன் குரோவ் என்ற நாடகக் கொட்டகையை நியூயார்க்கில் தொடங்கினார். ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' அங்கே மேடையேறியது. வெள்ளையர்களுக்குப் பொறுக்குமா? போலீஸ் புகுந்து நடிகர்களைக் கைது செய்தது. ரவுடிகள் வந்து அடித்து நொறுக்கினார்கள். நடிப்புதான் வாழ்க்கை என்று முடிவு செய்துவிட்ட ஆல்ட்ரிஜ் 17 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பிறந்த நாட்டு மண்ணை அவர் மறுபடி மிதிக்கவே இல்லை.

● நாடக நோட்டீஸ்களில் அவருக்கு 'ஆப்பிரிக்க ரோஷியஸ்' என்று பட்டம். ரோஷியஸ் பழைய ரோமாபுரியின் புகழ்பெற்ற நடிகர். கூடவே, இவர் செனகல் நாட்டு அரச வம்சம் என்ற கதையும் பரவியது. உண்மையில் அவருடைய அப்பா நியூயார்க்கில் வைக்கோல் வியாபாரம் செய்தவர், தேவாலயத்தில் பிரசங்கமும் செய்தவர்.

● 1833 மார்ச் 25. லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோவாக நடித்துக்கொண்டிருந்த எட்மண்ட் கீன், இயாகோவாக நடித்த தன் மகன் சார்ல்ஸின் கைகளிலேயே சரிந்து விழுந்தார். அந்தக் காலத்தில் ஆங்கில மேடையின் முதல் நடிகர் அவர்தான். அந்த ஆண்டு மே மாதமே இறந்துபோனார். கீன் விழுந்த பதினாறாம் நாள், ஏப்ரல் 10-இல், அதே மேடையில் ஒதெல்லோவாக ஏறியவர் ஆல்ட்ரிஜ்; ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவாக நடித்தவர் எலன் ட்ரீ. அதுவரை முகத்தில் கரி பூசிய வெள்ளையர்களையே அந்த வேடத்தில் பார்த்துப் பழகிய மேடை அது. பத்திரிகைகள் பாய்ந்தன. எட்டு வருஷத்துக்கு முன்பே, அவருடைய உதட்டு அமைப்புக்கு ஆங்கிலம் சரியாக வராது என்று எழுதியிருந்தார்கள். இப்போதோ, ஒரு கறுப்பர் வெள்ளைக்கார நடிகையை மேடையில் தொடுவதா என்று கொதித்தார்கள். அடிமை முறையை ஒழிக்கும் மசோதா பாராளுமன்றத்துக்கு வரவிருந்த மாதங்கள் அவை என்பதை மறந்துவிடக் கூடாது. ஊரில் காய்ச்சல் பரவியிருந்தது உண்மைதான். ஆனால் இரண்டே காட்சிகளோடு அவர் நிறுத்தப்பட்டதற்குக் காய்ச்சல் மீது மட்டும் பழி போட முடியாது. அவருக்கு நடந்தது அநியாயம்.

● கறுப்பின வேடங்களோடு நின்றுவிடாமல், வெள்ளை அரிதாரம் பூசி ஷைலக், மக்பெத், லியர் மன்னன், மூன்றாம் ரிச்சர்ட் என்று ஷேக்ஸ்பியரின் ராஜபார்ட்டுகளையெல்லாம் நடித்தார். 'டைட்டஸ் ஆன்ட்ரோனிக்கஸ்' நாடகத்தில் வில்லனாக வரும் ஆரன் என்ற கறுப்பரை நாயகனாக மாற்றி எழுதவைத்தும் நடித்தார்.

● 1852-இல் ஐரோப்பியப் பயணம் தொடங்கியது. லண்டன் தள்ளிவைத்தவரைப் பிரஷ்ய மன்னர் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தார். பல ஊர்களில் அவர் ஆங்கிலத்தில் பேச, உடன் நடித்தவர்கள் ஜெர்மன் மொழியில் பதில் சொன்னார்கள். ஜனங்கள் அதையும் ரசித்தார்கள்.

● 1858-இன் இறுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவரை ஓவியமாக வரைந்தவர் உக்ரைனின் மகாகவி தராஸ் ஷெவ்சென்கோ. பண்ணையடிமையாகப் பிறந்தவர் ஷெவ்சென்கோ. 1838-இல் நண்பர்கள் ஒரு ஓவியத்தைக் குலுக்கலில் விட்டு, வந்த 2,500 ரூபிளைக் கொடுத்து அவரை மீட்டார்கள். பிறகு எழுதவும் வரையவும் தடை விதித்து ஜார் மன்னர் அவரைப் பத்து வருஷம் தொலைதூரப் படைமுகாம்களில் வைத்திருந்தார். அதிலிருந்து மீண்டு வந்த அடுத்த ஆண்டே இந்தச் சந்திப்பு. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. டால்ஸ்டாய் பிரபு ஒருவரின் (நாவலாசிரியர் டால்ஸ்டாய் அல்ல) சிறு வயது மகள்கள்தான் நடுவில் மொழிபெயர்த்தார்கள். படத்துக்கு உட்காரச் சொன்னால் ஆல்ட்ரிஜ் சும்மா இருக்க மாட்டாராம். பாடத் தொடங்கிவிடுவாராம், பென்சிலைக் கீழே வைக்க வேண்டியதுதான். மான்செஸ்டர் படத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இதில் வேடமில்லை, ஆல்ட்ரிஜ் ஆல்ட்ரிஜாகவே இருக்கிறார்.

● ஹென்றி பெரோனெட் பிரிக்ஸ் 1830 வாக்கில் தீட்டிய இன்னொரு ஒதெல்லோ படம் இப்போது வாஷிங்டனில், அமெரிக்காவின் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. நேரில் திரும்பாதவரின் படமாவது போய்ச் சேர்ந்ததே!

● ஆல்ட்ரிஜ் 1863-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். 1867 ஆகஸ்ட் 7-இல், நாடகப் பயணத்தின் நடுவே, போலந்தின் வுட்ச் நகரில் காலமானார். கல்லறை அங்கேயே உள்ளது.

● மகள் அமண்டா ஆல்ட்ரிஜ் பாடகி, இசையமைப்பாளர், ஆசிரியை. 1930-இல் லண்டனில் ஒதெல்லோவாக நடிக்க வந்த அமெரிக்கக் கறுப்பின நடிகர் பால் ராப்சனுக்கு வசன உச்சரிப்புப் பயிற்சி கொடுத்தவர் அவர். அப்பா ஒதெல்லோ வேடத்தில் அணிந்த தங்கக் காதணிகளையும் ராப்சனிடம் கொடுத்தார். அதே ராப்சன் 1943-இல் நியூயார்க் பிராட்வேயில் ஒதெல்லோவாக நடித்தபோது நாடகம் 296 காட்சிகள் ஓடியது. பிராட்வேயில் எந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் அதுவரை அவ்வளவு நாள் ஓடியதில்லை.