பொம்மைக்கு ஒரு கை, மாயத்துக்கு ஒரு கை

உதடசையாமல் பேசி, அப்பேச்சு கையிலுள்ள பொம்மையின் வாயிலிருந்து எழுவதாகத் தோன்றச் செய்யும் மாயக்குரற்கலைக்கு ஐரோப்பிய மொழிகளில் 'வயிற்றுப்பேச்சு' என்று பொருள்படும் பெயர் வழங்கினாலும், வயிற்றுக்கு அதில் தனி வேலை ஏதுமில்லை. ஓசை பிறக்கும் இடத்தைச் செவி உறுதியாக அறியாதபோது அசையும் வாயைக் கண்டு கண்ணே முடிவுசெய்துவிடுகிறது. திரையரங்கில் ஒலிபெருக்கியின் வசனம் நடிகருடையதாகப் படுவதும் இதனால்தான்.

மைசூருவின் வடமேற்கிலுள்ள ஹெப்பாளில் பொம்மையைப் பேசவைப்பவர், அவ்வூரின் பெயரைச் சொல்லும்போதே இடர்ப்படுவார். அதன் பகரத்துக்கு இரு உதடுகளும் கூடியாக வேண்டும். 'மைசூரு'வோ இன்னும் கடினம். மகரத்துக்கு உதடு மூட வேண்டும், ஊகாரத்துக்கும் உகரத்துக்கும் குவிய வேண்டும். ப, ம இதழ் இயைந்தும், வ பல்லும் இதழும் இயைந்தும், உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவிந்தும் பிறப்பதைத் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்திருப்பதால், அவ்வியல் இக்கலைஞருக்குத் தடைகளின் பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. பகரத்துக்கு ஈடாகத் தகரத்தையும், மகரத்துக்கு ஈடாக நகரத்தையும் நாவால் மென்மையாக ஒற்றி ஒலிக்க, சொல்லை எதிர்பார்த்திருக்கும் அவையோர் 'ஹெத்தாள்' என்பதை 'ஹெப்பாள்' என்றே கொள்கின்றனர். குழந்தைக்கு முதலில் வாய்க்கும் அம்மாவும் அப்பாவும் பொம்மைக்குக் கடைசியில்தான் வாய்க்கின்றன.

இக்குரற்கலையோடு மாயவித்தையை இணைப்பவருக்கு ஒரு கை பொம்மைக்குள் சிக்கிவிடுவதால், இரு கைகள் வேண்டும் சீட்டு வித்தைகள் பலவற்றைக் கைவிட்டு, இடுப்பில் குழந்தையோடு தோசை வார்ப்பவரைப் போல மறுகையாலேயே அனைத்தையும் முடிக்க வேண்டியிருக்கிறது. எனினும் கைத்திறன் நிகழும் கணத்தில் பொம்மை ஒரு குறும்பு பேசினால் அவையின் கண் முழுதும் அதன்மேல் திரும்புகிறது. 'அவர் சட்டைப்பையைப் பாருங்கள்' என்று அது காட்டிக்கொடுப்பதுபோல் நடிக்கையில், பார்வை தவறான பைக்கே செல்கிறது.

இந்தியாவில் மராட்டியரான ஒய்.கே. பாத்யே தம் அர்த்தவட்ராவ் பொம்மையாலும், அவர் மகன் ராம்தாஸ் பாத்யே அதே பொம்மையைத் தொடர்ந்து பேசவைத்தும் இக்கலையை வளர்த்தனர். கர்நாடகத்தில் இந்துஶ்ரீ அறியப்பட்டவர். 1977இல் வெளிவந்த 'அவர்கள்' படத்தில் கமல்ஹாசன் கையிலிருந்த ஜூனியர் என்னும் பொம்மையைத் தமிழர் மறந்திருக்கமாட்டார்கள். படத்தில் குரலைப் பின்னர்ச் சேர்க்கலாம். ஆனால் மேடையிலும் பதிவுசெய்த குரலை ஓடவிட்டு, வாயை மட்டும் அசைப்பது இக்கலையின் கடினத்தைத் தட்டிக்கழிப்பதேயாகும்.

உதடு அசையாமையே எல்லாமன்று என்பதும் உண்மை. சிறுவயதில் மாயவித்தையும் குரற்கலையும் ஒருங்கே பயின்ற அமெரிக்கர் எட்கர் பெர்கன் பெரும்புகழ் பெற்றது உதட்டைக் காணவே முடியாத வானொலியில்; சார்லி மெக்கார்த்தி என்னும் அவர் பொம்மையின் வாய்த்துடுக்குக்காகவே மக்கள் கேட்டனர். 1938இல் அவருக்கு வழங்கப்பட்ட சிறப்பு ஆஸ்கர் சிலை மரத்தாலானது. அதன் வாயும் அசையும்.