முட்டையும் அதன் முத்திரையும்

உள்ளிருப்பதைக் காட்டாது ஓட்டினால் மூடப்பெற்றது முட்டை. ஆகலின், பெட்டிமேல் தீட்டிய பசும்புல்லையும் கோழிச் சித்திரத்தையும் நம்பி வாங்குவோர் ஏமாறுதல் எளிது. இங்கிலாந்து தேசத்துப் பேரங்காடிகளில் இதற்கொரு பரிகாரம் உண்டு. ஆங்கு முட்டையோட்டின்மீதே முத்திரை இடப்படுகின்றது. அதன் முதலிலக்கம் கோழி வாழ்ந்த வகையை உணர்த்தும். 0 இயற்கை வேளாண்மை முறை. 1 வெளியில் உலவுவது. 2 கொட்டகைக்குள் வாழ்வது. 3 கூண்டில் அடைபட்டது. இவற்றுள் 1 என்னும் இலக்கம் பெறக் கோழி ஒவ்வொன்றுக்கும் 4 சதுர மீட்டர் வெளிநிலம் வேண்டுமென்பது விதி. வெறுங்கூண்டு 2012 முதல் விலக்கப்பட்டதெனினும், சற்றே வசதி கூட்டிய கூண்டு இன்னும் ஒழிந்திலது.

மஞ்சட்கருவின் நிறம் தீனியைப் பற்றியது. ஓட்டின் நிறம் இனத்தைப் பற்றியது. இரண்டும் வெளியுலவலுக்குச் சான்றாகா.

இனிச் சமைக்கும் முறை. புதிய முட்டையின் வெண்கரு திரண்டு நிற்குமாதலின், உடைத்து வெந்நீரில் இட்டு வேகவைத்தற்கு அதுவே ஏற்றது. நாட்பட்டதில் கரியமிலவாயு நுண்டுளைகளின் வழியே வெளியேறுதலால், அவித்தபின் ஓடு எளிதில் உரியும். இரண்டையும் பிரித்தறிய நீரில் இடுக: புதியது கிடக்கும்; காற்றறை பெருகிய பழையது நிமிரும். வெண்கரு ஏறக்குறைய 62 பாகை சென்டிகிரேடில் இறுகத் தொடங்கும். ஆதலின் மெல்லிய அனலே போதும். மிக்க கொதிப்பு அதனை ரப்பர்போல் ஆக்கிவிடும்.

வாங்குவோர் விரும்புவதையே விற்போர் தேடுவர். பெட்டியைத் திறந்து ஓர் இலக்கத்தை வாசித்தல் சிறு செயலே. எனினும் வாயற்ற பறவையொன்றின் வாழ்நாள் அதனைப் பொறுத்தது.