அழித்த செய்திக்கு என்ன பதில்?

நள்ளிரவு தாண்டி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். திறப்பதற்குள் அனுப்பியவரே அதை அழித்துவிடுவார். “ஒன்னுமில்ல, தூங்கு” என்று அடுத்த செய்தி வரும். உங்களில் பலருக்கும் இது புதிதல்ல.

எங்கள் நட்பு பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் தொடங்கியது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாதவர்கள் வெவ்வேறு பள்ளிகளிலிருந்து அங்கு வந்து படிப்போம். வகுப்பு முடிந்ததும் சில நாள் தேக்காவில் பரோட்டா. பிறகு ஈசூன், ஜூரோங், தெம்பனிஸ் என்று ஆளுக்கொரு திசை. அடுத்த வகுப்புவரை எங்களைச் சேர்த்து வைத்தது கைப்பேசிதான். அதனால், ‘இணைய நட்பு பொய்’ என்று பெரியவர்கள் சொன்னால் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

அவர்கள் கவலைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மனநலக் கழகம் 2024ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 15 முதல் 35 வயதுள்ளோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் இவற்றில் ஏதேனும் ஒன்றின் கடுமையான அறிகுறிகள் இருந்தன. நாளுக்கு 3 மணி நேரத்துக்கும் மேலான சமூக ஊடகப் பயன்பாட்டுக்கும் இணையத் துன்புறுத்தலுக்கும் இதனுடன் தொடர்பு இருப்பதாகத் தெரிந்தது. (தனிமையில் இருப்பவர்தான் கைப்பேசியை அதிகம் தடவுகிறாரோ என்றும் எனக்குத் தோன்றும்.) 2026 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசிக்கு இடமில்லை. நல்லதுதான். ஆனால், அந்தச் செய்திகள் வருவது பள்ளி நேரத்தில் அல்லவே!

உயர்நிலை நான்கில் ஒரு தோழி அப்படி அழித்த செய்தியைப் பற்றி நான் விடாமல் கேட்டேன். “வாழவே பிடிக்கல. யார்கிட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு” என்றாள். சத்தியம் செய்யவில்லை. “செத்துடலாம்னு நினைக்கிறியா?” என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது என்கிறார்கள் மனநல வல்லுநர்கள். விடியும்வரை தொலைபேசியில் பேசினோம். காலையில் அவளிடம் சொல்லிவிட்டே ஆசிரியரிடம் போனேன்.

இரண்டு மாதம் அவள் என்னுடன் பேசவில்லை. குழுவிலிருந்தும் விலகினாள். அந்தக் கோபம் எனக்கு வலித்தது. ஆனாலும், பதினாறு வயதில் ஓர் உயிரின் பாரத்தை ஒருவரே சுமக்க முடியாது. இப்போது அவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் குழுவில் அதிகம் ஸ்டிக்கர் போடுபவளும் அவள்தான்.

சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767, தேசிய மைண்ட்லைனின் 1771 ஆகிய இரண்டு எண்களும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. உங்களுக்காக மட்டுமல்ல, நண்பரைப் பற்றிய கவலையிலும் அழைக்கலாம்.