மரம் குடித்த தண்ணீருக்குக் கணக்கு

நெய்வேலியில் நிலக்கரி எடுக்க வேண்டுமானால் முதலில் தண்ணீர் எடுத்தாக வேண்டும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மணற்கல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அதை இறைத்துத் தணிக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் பீறிடும். 1961இல் முதன்முதலாக நிலக்கரி கண்ணில் படும்வரை பொறியாளர்களைத் தூங்கவிடாமல் செய்தது இந்த நீர்தான். பம்புகள் அன்றிலிருந்து இன்றுவரை இரவு பகலாக ஓடுகின்றன.

இத்தனை தண்ணீரும் எங்கிருந்து வருகிறது? மேற்கே, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் நிலத்தில் பெய்யும் மழைதான். அங்கே கடலூர் மணற்கல் தரைமட்டத்துக்கு வந்து நிற்கிறது. மழை அதில் இறங்கி, நெய்வேலிக்கு அடியில் நுழைந்து, கடலை நோக்கி மிக மெதுவாக நகர்கிறது. எவ்வளவு மெதுவாக என்பதை ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் பி.எஸ். சுகிஜா குழுவினர் கதிர்க்கரி முறையில் கணக்கிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த ஆழ்நீரின் வயது சுமார் 30,000 ஆண்டு வரை பின்னோக்கிப் போனது. பனியுகத்தில் பெய்த மழையைத்தான் இங்கே இறைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே விருத்தாசலத்து மேட்டில் முந்திரி நிற்கிறதா, தைல மரம் நிற்கிறதா, வெறும் தரிசாகக் கிடக்கிறதா என்பது நெய்வேலிக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல. “மரம் வைத்தால் நிலத்தடி நீர் ஏறும்” என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். ஏறுமா? எந்த மரம் வைத்தால், எந்த மண்ணில்? இதைச் சொல்லவேண்டியவர் வன நீரியல் ஆய்வாளர். அவர் ஓர் ஓடைக்கரையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தால்தான் பதில் கிடைக்கும். அப்படி உட்கார்ந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். நம்மில் பலருக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது.

உதகமண்டலத்தில் 1954இல் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. நீலகிரியில் அதற்கு முன்பே, 1840களில், ஆஸ்திரேலியத் தைல மரம் வந்து சேர்ந்திருந்தது. அங்குள்ளவர்கள் அதைக் கற்பூர மரம் என்பார்கள். ஊட்டியின் குளிருக்கு விறகு வேண்டும் என்று கொண்டுவந்த மரம், பின்னாளில் ஆலைகளுக்காகப் புல்வெளி புல்வெளியாகப் பரவியது. அந்தப் புல்வெளிகளில் ஊறும் ஓடைகள்தான் பைக்காரா, குந்தா மின்திட்டங்களின் அணைகளை நிரப்புகின்றன. மரம் ஓடையைக் குடித்தால் மின்சாரம் குறையும். குடிக்கிறதா இல்லையா என்று அளந்து சொல்ல அதுவரை ஆளில்லை.

நீலகிரியின் கிளென்மார்கனில் சோலையும் புல்லும் கலந்த, ஏறக்குறைய 32 ஹெக்டேர் அளவுள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை மையத்தின் விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தார்கள். ஓடைகளின் குறுக்கே அளவைத் தடுப்புகள் கட்டி, மழைமானிகள் வைத்து, 1968இல் அளக்கத் தொடங்கினார்கள். முதல் நான்கு ஆண்டுகள் வேறெதுவும் செய்யவில்லை. இரண்டு ஓடைகளும் ஒரே மழைக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இந்த ஆய்வுமுறையின் உயிர்நாடியே இந்தக் காத்திருப்புதான். அமெரிக்காவின் கொலராடோவில் 1910இல் தொடங்கிய முதல் இணை நீர்ப்பிடிப்புச் சோதனையும் இப்படித்தான் பல ஆண்டுகள் காத்திருந்து நடந்தது. ஓடைகளின் இயல்பான உறவு தெரிந்தால்தான், பின்னால் வரும் மாற்றத்துக்கு மழையைக் குற்றம் சொல்வதா, மரத்தைச் சொல்வதா என்று பிரித்தறிய முடியும்.

1972இல் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதன் பரப்பில் 59 விழுக்காட்டில் தைல மரம் நட்டார்கள். பத்தாண்டுகள் வளரவிட்டு வெட்டினார்கள். அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த மறுதாம்பை இன்னொரு பத்தாண்டு வளர்த்தார்கள். கணக்கு 1991 வரை ஓடியது. பி. சாம்ராஜ், வி.என். சர்தா முதலியோர் 1988இலும் 1998இலும் ‘ஜர்னல் ஆஃப் ஹைட்ராலஜி’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் சுற்றில் ஆண்டு நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மறுதாம்புச் சுற்றில் 25.4 விழுக்காடு. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால் இரண்டாவது முறை மரம் இன்னும் வேகமாகக் குடித்தது. இதைவிட முக்கியமானது கோடைக் கணக்கு. மழையில்லாத மாதங்களில் ஓடும் அடிவரத்தின் குறியீடு முதல் சுற்றில் பாதியாகவும், அடுத்ததில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகவும் சரிந்தது. புல் காய்ந்து ஓய்ந்துவிடும் மாதங்களிலும் தைல மரம் ஆழத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மின்திட்ட நீர்ப்பிடிப்புகளில் புல்வெளியைத் தைல மரமாக மாற்றுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள்.

அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து கடைசிக் கட்டுரை அச்சேற முப்பது ஆண்டுகள். மூன்றாண்டு நிதி, ஆறு மாதத்துக்கொரு முன்னேற்ற அறிக்கை என்று ஓடும் இன்றைய ஆராய்ச்சியில் இப்படி ஒரு வேலைக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

அப்படியானால் மரம் தண்ணீருக்குப் பகையா? அவசரப்படக் கூடாது. நீரியல் ஆய்வாளர் ஜகதீஷ் கிருஷ்ணசாமி இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகியவர். பொறியியல் படித்து, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகக் கோஸ்டாரிகாவின் தெரபா ஆற்று வண்டலை ஆராய்ந்தார். பிறகு குதிரைமுக இரும்புச் சுரங்கம் பத்ரா ஆற்றில் இறக்கிய வண்டலை மழைக்காலத்தில் அளந்தார். நீர்ப்பிடிப்பில் சுரங்கத்தின் பரப்பு மிகச் சிறியது. ஆற்றில் சேர்ந்த வண்டலில் அதன் பங்கோ மிகப் பெரியது. அடுத்து வட கன்னடத்தில் இயற்கைக் காடு, சீரழிந்த காடு, அகேசியா தோப்பு மூன்றையும் சகாக்களோடு ஒப்பிட்டார். மரம் நீரைக் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் காட்டு மண் மழையை உள்ளே விடுகிறது; மிதிபட்டு இறுகிய மண் விடுவதில்லை, மழை வழிந்தோடிவிடுகிறது. உள்ளே போகும் வரவு பெரிதா, இலை வழியே போகும் செலவு பெரிதா என்பதை இடத்துக்கு இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கிளென்மார்கனில் புல்வெளி மண்ணே ஈரத்தை நன்றாக வாங்கும் மண். மரத்தால் புதிதாகக் கூட வேண்டிய வரவு அங்கே அதிகமில்லை. இறுகிப்போன தரிசில் கதை மாறலாம்.

நீலகிரி எண்ணை அப்படியே எடுத்து விருத்தாசலத்தில் ஒட்ட முடியாது. இங்கே மண் வேறு, வெயில் வேறு, மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பது. சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுகளுக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஆழத்து மண் மேலே வந்து கிடக்கும் அந்த மேடுகளில் இப்போது மரங்கள் வளர்கின்றன. பெய்யும் மழையில் மேடுகள் எவ்வளவை உள்ளே வாங்குகின்றன, எவ்வளவை வழியவிடுகின்றன என்பது பரவனாற்றுக்கும் பெருமாள் ஏரிக்கும் கீழே உழுகிறவர்களின் கவலை.

சுரங்க நிறுவனத்துக்கும் வனத்துறைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆயிரக்கணக்கில் கன்று நடும்போது, பக்கத்தில் ஒரே அளவுள்ள இரண்டு ஓடைகளைத் தேர்ந்து, ஒன்றைத் தொடாமல் விட்டு, இரண்டிலும் அளவைத் தடுப்பு கட்டுங்கள். நடுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அளக்கத் தொடங்குங்கள். கிடைக்கும் எண்களை ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.