கிணற்று இறைப்புக்கு எஞ்ஜினும் பம்பும் தெரிந்தெடுத்தல்

1895-ஆம் வருஷத்தில் பெரியாறு அணை கட்டி முடிந்து, மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீர் வைகைக்குத் திருப்பப்பட்டது முதல் மேலூர்ப் பக்கத்து நிலங்கள் செழித்தன. ஆனால் மதுரை ஜில்லாவில் உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர்ப் பக்கங்களில் கால்வாய் எட்டாத நிலம் ஏராளம். அங்கெல்லாம் கிணறே கதி. முன்னாளில் கமலை இறைத்த கிணறுகளில் இப்பொழுது மின்சார மோட்டாரும் எண்ணெய் எஞ்ஜினும் இறைக்கின்றன. சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்ஜினைக் கிணற்றோடு பொருத்திப் பார்க்கும் முயற்சியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பிரட் சாட்டர்டன் துரை முன்னின்று நடத்தினார்.

1990 முதல் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இறைப்பு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்து வருகிறது. ஆயினும் இணைப்புக்குக் காத்திருப்போரும், மும்முனை மின்சாரம் வராத வேளையில் பயிரைக் காக்க வேண்டியவரும் டீசல் எஞ்ஜினை நாடுகின்றனர். அவர்கள் கடையில் முதலில் கேட்பது, “எத்தனை குதிரைசக்தி?” என்பதே. அண்டை நிலத்துக்காரர் ஐந்து வைத்திருந்தால் தமக்கு ஏழரை வேண்டும் என்பது பலருடைய கணக்கு. கடைக்காரருக்கு அது அனுகூலமான கணக்குதான். குதிரைசக்தி இரண்டாவது கேள்வியே; முதல் கேள்வி, கிணறு எவ்வளவு நீர் தரும் என்பது.

இந்த ஜில்லாவின் நிலத்தடி பெரும்பாலும் கெட்டிப் பாறை. கிணற்று நீர் பாறையின் வெடிப்புகள் வழியாகவே ஊறுகிறது. ஆகையால் கோடை முதல் ஐப்பசி மழை விழும் வரையுள்ள காலத்தில், நீர் மிகத் தாழ்ந்து நிற்கும் ஒரு நாளில் ஊற்றை அளந்து பார்ப்பது அவசியம். கிணற்றை இறைத்துத் தாழ்த்தி, கயிற்றில் முடிச்சிட்டு மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஆறு மணி நேரம் சென்றபின் மீண்டும் அளக்க வேண்டும். கிணறு 6 மீட்டர் சதுரமாயிருந்து நீர் 1 மீட்டர் ஏறியிருந்தால், ஊறியது 36,000 லிட்டர். அதாவது மணிக்கு 6,000 லிட்டர், நாளொன்றுக்கு 1,44,000 லிட்டர். மட்டம் உயர உயர ஊற்று தளரும் என்பதால் இதையும் சற்றுக் குறைத்தே மதிக்க வேண்டும்.

ஓர் ஏக்கரில் இரண்டு அங்குலம் நீர் நிறுத்த ஏறக்குறைய 2,05,000 லிட்டர் செல்லும். பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் என்று வைத்தால், மேற்சொன்ன கிணறு ஏட்டளவில் ஏழு ஏக்கருக்குக் காணும். வாய்க்காலில் உறிஞ்சப்படுவதும் ஊற்றின் தளர்ச்சியும் போக ஐந்து ஏக்கர் என்று கொள்வதே விவேகம். விநாடிக்கு 10 லிட்டர் தள்ளும் பம்பு நாள் ஊற்றை நான்கு மணி நேரத்தில் இறைத்துவிடும். இரட்டிப்புச் சக்தியுள்ள எஞ்ஜின் இரண்டே மணியில் இறைத்துவிட்டு நிற்கும். ஏக்கர் ஒன்றுகூட அதிகமாகாது. அதிகமாவது கடனும் வட்டியுமே.

இனிக் குதிரைசக்திக்கு வருவோம். கோடையில் நீர் நிற்கும் மட்டத்திலிருந்து குழாய் வாய் வரையுள்ள உயரத்தை மீட்டரில் அளந்து, குழாயின் உராய்வுக்காகச் சிறிது கூட்டி, விநாடிக்கு வேண்டிய லிட்டரால் பெருக்கி 75-ஆல் வகுக்க வேண்டும். உயரம் 15 மீட்டர், நீர் 10 லிட்டர் எனில் 2 குதிரைசக்தி வரும். பம்பு தான் வாங்கும் சக்தியில் பாதியையே நீராக்கித் தருவதாகக் கொண்டால் 4. எஞ்ஜின் மூச்சுத் திணறாதிருக்க ஒன்று கூட்டினால் 5. கடலில் செல்லும் மீன்படகின் எஞ்ஜின் அலைக்கும் வலைக்கும் தக்கபடி ஏறி இறங்கி உழைக்கும். கிணற்று எஞ்ஜினோ ஒரே பாரத்தை மணிக்கணக்கில் சுமக்கும். ஆகவே தகட்டில் பொறித்த சக்தி இடைவிடாமல் தரக்கூடியதா, சற்று நேரத்துக்கு மட்டுமா என்று கேட்டறிய வேண்டும். நிமிஷத்துக்கு 650 சுற்றுச் சுற்றும் பழைய மாதிரி எஞ்ஜின் கனமானது, ஆனால் நெடுநாள் உழைக்கும். 1,500 சுற்று எஞ்ஜினை இலகுவாகக் கிணற்றுக்குக் கிணறு கொண்டு போகலாம். தண்ணீர் போதவில்லையென்று கப்பியை மாற்றிப் பம்பின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், எஞ்ஜினின் பாரம் மூன்றில் ஒரு பங்கு ஏறும். இதை அறியாமல் எஞ்ஜினைப் பழிப்பவர் பலர்.

குழாயில் மிச்சம் பிடிப்பது பொய்யான சிக்கனம். அதே அளவு நீர் பாதி விட்டமுள்ள குழாயில் ஓடினால் உராய்வு முப்பது மடங்குக்கும் மேலாகிறது.

உறிஞ்சும் பம்பு நீர்மட்டத்திலிருந்து 20 அடிக்கு மேல் உயரத்தில் இருந்தால் நம்பத்தக்கதன்று. இதற்காகச் சிலர் எஞ்ஜினையே கிணற்றுக்குள் இறக்கிவிடுகின்றனர். இது உயிருக்கு ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; உள்ளே இறங்கியவர் தாம் மயங்குவதை உணருமுன் விழுந்துவிடுவார், தூக்கப் போனவரும் விழுவார். எஞ்ஜினை மேலே தரையில் நிறுத்தி, பம்பை மட்டும் கீழே திண்ணையில் அமைத்து வாரினால் ஓட்டுவதே நன்று. எஞ்ஜின் கிணற்றுக்குள் ஓடிய நாளில், புகை முற்றும் கலையும் வரை ஒருவரும் இறங்கலாகாது. எவரேனும் மயங்கிக் கிடந்தாலும், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லாமல் பின்தொடர்ந்து குதிப்பது இரண்டாவது உயிரையும் பணயம் வைப்பதாகும். கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்வது பெரிய உபகாரம்.

எண்ணெய்ச் செலவைத் தாங்க இயலாதவர்கள், 2019-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ் மானியத்தில் கிடைக்கும் சூரியசக்திப் பம்பைப் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். அதற்கும் ஊற்றுக் கணக்கே முதல்.

எதை வாங்கினாலும் முழுத் தொகையையும் கொடுப்பதற்கு முன், தமது கிணற்றிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். குழாய் வாயில் 200 லிட்டர் பீப்பாயை வைத்தால், சொன்னபடி விநாடிக்கு 10 லிட்டர் தள்ளும் பம்பு அதை 20 விநாடியில் நிரப்பும். 30 விநாடி சென்றால், குறை அடிவால்வின் கசிவிலா, குழாய் இணைப்பிலா, பம்பிலா என்பதை விற்றவரே அங்கு நின்று கண்டுபிடித்துத் தரட்டும்.