பின்னூட்டமும் நட்பும்: தமிழ் வலைப்பதிவுகளில் உருவான உறவுகள்

நேரில் காணாத நட்பைப் பற்றிப் பேசுவோர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் முதலில் எடுத்துக்காட்டுவது வழக்கம். வலைப்பதிவர் நட்புக்கும் இவ்வுவமை பலரால் ஆளப்படுகிறது. ஆயின் இஃது ஓரளவே பொருந்தும். அவ்விருவரையும் பிணைத்தது உணர்ச்சி ஒப்புமை. பழக்கம் அங்குத் தேவைப்படவில்லை. வலைப்பதிவுகளிலோ நட்பை வளர்த்தது பழக்கமே, அதுவும் பலர் காண எழுத்தில் நிகழ்ந்த பழக்கம், என்பது நம் கருத்து.

தமிழ் வலைப்பதிவுகள் 2003ஆம் ஆண்டில் தோன்றிப் பெருகத் தொடங்கின. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், பின்னர் வந்த இ-கலப்பை முதலிய மென்பொருள்கள் தமிழில் தட்டச்சிடுவதை எளிதாக்கின. பிளாகர் போன்ற சேவைகள் கட்டணமின்றி இடம் தந்தன. எனினும் எழுத இடம் கிடைப்பது வேறு, வாசகர் கிடைப்பது வேறு. யார் என்ன எழுதியுள்ளார் என்றறிய ஒவ்வொரு பக்கமாகச் சென்று பார்க்கவேண்டியிருந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, புதிய இடுகைகளின் தலைப்புகளையும் தொடக்க வரிகளையும் ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்திக் காட்டியது. தனித்தனி வீடுகளுக்கிடையே ஒரு தெரு உண்டாயிற்று.

அத்திரட்டியின் இன்னோர் ஏற்பாடே நாம் இங்குக் கருதத்தக்கது. அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளும் அங்குத் தனியே காட்டப்பட்டன. ஒரு பின்னூட்டம் வந்தால் பழைய இடுகையும் மீண்டும் பார்வைக்கு வரும். பதிவர் அதற்கு நன்றி கூறினால் அந்நன்றியும் ஒரு மறுமொழியாகும். தம் பக்கத்துக்கு வந்து கருத்துரைத்தவரின் பக்கத்துக்குச் சென்று கருத்துரைப்பது கடனாகக் கருதப்பட்டது. திருமண வீட்டு மொய் போன்றது இது. வெறும் முகமன் என்று இதனை ஒதுக்கியோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மொய் எழுதுவோர் அனைவரும் நெருங்கியவர் அல்லர். ஆனால் வரவும் செலவும் இல்லாமல் உறவு நிலைப்பது அரிது.

இடுகையின் பொருளுக்குச் சற்றும் தொடர்பில்லாத கேலியும் சிலேடையுமாக மறுமொழிகள் குவிவதைப் பதிவர்கள் 'கும்மி' என்றனர். இலக்கிய நாட்டமுடையோர் சிலர் இதைக் கண்டு முகஞ்சுளித்தனர். ஆயினும் முன்பின் அறியாதோர் ஒருவரையொருவர் 'அண்ணா', 'அக்கா' என அழைக்கத் துணிந்தது கனமான விவாதங்களில் அன்று, இத்தகைய வெற்றுப்பேச்சில்தான். திண்ணைப் பேச்சுக்கும் இதே இயல்பு உண்டல்லவா?

திறந்த வாயில் பகைக்கும் பயன்பட்டது. பிறர் பெயரில் இழிமொழி இடுவோர் தோன்றவே, மறுமொழிகளைப் பார்வையிட்ட பின்னரே வெளியிடும் மட்டுறுத்தல் வழக்கிற்கு வந்தது. உரையாடலின் வேகம் தணிந்தது. புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்னும் ஐயத்தைப் பதிவர் சந்திப்புகள் ஓரளவு தீர்த்தன. சென்னையில் 2007 ஆகஸ்ட் 5ஆம் நாள் வலைப்பதிவர் பட்டறையும் நடந்தது. சிங்கப்பூரிலும் பதிவர்கள் கூடிப் பேசினர்.

2010க்குப் பின் பலர் முகநூலுக்குப் பெயர்ந்தனர். எஞ்சியிருப்பவற்றை ஆராய விழையும் மாணவர் ஒன்றைக் கருத்திற்கொள்ளவேண்டும். இடுகைகள் சில நூலாகியுள்ளன. அவற்றின்கீழ் நிகழ்ந்த உரையாடல் நூலில் இடம்பெறுவது அரிது. பதிவர் தம் பக்கத்தை நீக்கினால், அங்கு மறுமொழி எழுதிய ஐம்பது பேரின் சொற்களும் உடன் மறையும். பிறர் வீட்டுச் சுவரில் எழுதியதற்கு அவர்களிடம் படி இராது. ஆகவே இடுகைகளை மறுமொழிகளோடும் நாள், நேரக் குறிப்புகளோடும் சேர்த்தே திரட்டவேண்டும். பதிவரிடம் இசைவு பெறுதல் பெரும்பாலும் இயலும். புனைபெயரில் நான்கு வரி எழுதிவிட்டுச் சென்றவரிடம் அதை எவ்வாறு பெறுவது என்பதை ஆய்வாளர் தம் பணியின் தொடக்கத்திலேயே முடிவுசெய்தாகவேண்டும்.