புயலும் உள்நாட்டுக் கிராமங்களும்: வீட்டிலிருப்பதா, வெளியேறுவதா?

புயல் என்பது கடற்கரை மக்களின் கவலை என்றே நம் பகுதியில் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறோம். நாகப்பட்டினக் கரைக்கும் திண்டுக்கல் சமவெளிக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. கடல் பொங்கி நம் ஊருக்குள் புகப் போவதில்லை. கிணற்றுப் பாசனத்தையும் மானாவாரி நிலத்தையும் நம்பி வாழும் நம் வட்டாரத்தில், புயல் மழை என்றதும் குளம் நிறையும், கிணறு ஊறும் என்று மகிழ்வதே வழக்கம். அம்மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆயினும், 1977-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் கடலிலிருந்து வந்த புயல்கள் உள்நாட்டு ஜில்லாக்களின் வழியே மேற்கு நோக்கிச் சென்றன. அவை விட்டுச் சென்ற அனுபவத்தைக் கொண்டு, புயல் வரும்போது எவர் வீட்டில் இருக்கலாம், எவர் வெளியேற வேண்டும், அதனை எப்பொழுது தீர்மானிக்க வேண்டும் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

புயல் நம்மிடம் வரும் விதம்

கடலின் வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஆவியே புயலுக்கு உணவு. தரைக்கு வந்ததும் அவ்வுணவு கிடைப்பதில்லை. மரங்களும் மேடுகளும் காற்றைத் தடுக்கின்றன. ஆதலால் காற்றின் வேகம் நேரம் செல்லச் செல்லக் குறைகிறது. ஆனால் மேகங்கள் சுமந்து வந்த நீர் அவ்வாறு குறைந்து விடுவதில்லை. அந்த ஈரக்காற்று சிறுமலையிலும் பழனி மலைத் தொடரிலும் மோதி மேலெழும்பிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. கடற்கரையில் காற்றாகவும் அலையாகவும் வரும் புயல், நம்மிடம் பெரும்பாலும் வெள்ளமாக வருகிறது. இதுவே நாம் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய உண்மை.

ஓர் ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்த நிலத்தில் மட்டும் விழும் நீர் சுமார் நான்கு இலட்சம் லிட்டர். ஆயிரக்கணக்கான ஏக்கர் மலைச்சரிவில் ஒரே இரவில் அவ்வளவு மழை பெய்தால் என்னவாகும் என்பதை விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. கீழ்ப்பழனி மலைச் சரிவுகளின் நீர் ஆத்தூர் வழியே குடகனாற்றில் இறங்குகிறது. சிறுமலையின் நீரைச் சந்தனவர்த்தினி கொண்டு வந்து சேர்க்கிறது. ஆண்டின் பெரும் பகுதியில் மணல் மட்டுமே தெரியும் இவ்வாறுகள், மலையில் மழை பெய்த சில மணி நேரத்தில் கரை புரள வல்லவை. ஊரில் மழை ஓய்ந்திருக்கும் போதே ஆற்றில் வெள்ளம் வருவது இதனால்தான்.

1977 கற்பித்த பாடம்

1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு கடும் புயல் கரையேறியது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. அன்று மாலைக்குள் புயல் உள்நாட்டில் வலுவிழந்து, மறுநாள் காலையில் கேரளக் கரையைத் தாண்டிச் சென்று விட்டது. அந்தப் புயலில் மாண்டவர்கள் சுமார் 560 பேர். மடிந்த கால்நடைகள் சுமார் 23,000. வீடிழந்தோர் பத்து இலட்சம் பேர்.

அந்த ஆண்டில்தான் வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியில் உள்ள குடகனாறு அணை உடைந்தது. சுமார் 43 கோடி கன அடி நீரைத் தேக்கக் கூடிய மண் அணை அது. வெள்ளத்தை வெளியேற்ற ஐந்து மதகுக் கதவுகள் இருந்தன. வெள்ளம் வந்ததும் ஊழியர்கள் கதவுகளை உயர்த்த முற்பட்டனர். ஆனால் மின்சாரம் நின்று போயிற்று. கதவுகள் பாதியளவே உயர்ந்தன. பின்னர் ஜெனரேட்டரை இயக்கியும் பயன்படவில்லை. கையால் கதவுகளைத் தூக்க முயன்றனர். அதற்குள் நீர் கரையின் மேலேறி வழிந்தது. மண் கரையின் பின்சரிவில் நீர் அருவிபோல் விழுந்து மண்ணை அரித்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை நீளமுள்ள உடைப்புகள் பல இடங்களில் ஏற்பட்டன. பின்னர் அணை சீரமைக்கப்பட்டு இன்று பயன்பாட்டில் இருக்கிறது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? ஊழியர்கள் கடமையைச் செய்தார்கள். சாதனங்களும் இருந்தன. ஆயினும் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் மின்சாரம் இல்லை. புயல் இரவில் விளக்கு எரியும், கைபேசி பேசும், சாலை திறந்திருக்கும் என்று எதிர்பார்த்து எந்தத் திட்டத்தையும் வகுக்கலாகாது. இவையனைத்தும் இருக்கும்போதே தீர்மானம் செய்யப்பட வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலும் இதையே காட்டியது. நள்ளிரவுக்குப் பின் கடற்கரையில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்று, அன்று காலையிலேயே உள்நாட்டு ஜில்லாக்களுக்கு வந்து விட்டது. திண்டுக்கல், கொடைக்கானல் பகுதிகளிலும் மரங்கள் சாய்ந்தன, மழை கொட்டியது. கரையேறிய செய்தியைக் கேட்ட பின்னர் யோசிக்கத் தொடங்கினால், நமக்கு மிஞ்சுவது சில மணி நேரமே. அதுவும் இருட்டில்.

எச்சரிக்கையை அறியும் முறை

வானிலைத் துறையினர் புயல் செய்திகளை நான்கு கட்டங்களாக வெளியிடுகின்றனர். முதல் அறிவிப்பு சுமார் 72 மணி நேரத்துக்கு முன்பும், இரண்டாவது 48 மணி நேரத்துக்கு முன்பும், மூன்றாவது 24 மணி நேரத்துக்கு முன்பும் வரும். நான்காவது அறிவிப்பு, புயல் கரையேறுவதற்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு முன்பு வருவது. கரையேறிய பின் புயல் எந்தத் திசையில் செல்லும், உள்நாட்டில் எங்கே மழையும் காற்றும் இருக்கும் என்பதை இது தெரிவிக்கும். உள்நாட்டு மக்களாகிய நமக்கு மிக முக்கியமானது இந்த நான்காவது அறிவிப்பே. கடற்கரையைப் பற்றிய செய்தி என்று எண்ணி இதனைக் கேளாமல் விடுதல் கூடாது.

மழையின் அளவைக் குறிக்கும் சொற்களையும் அறிந்திருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கன மழை. 204.4 மில்லிமீட்டர் வரை மிகக் கன மழை. அதற்கு மேற்பட்டது அதிகன மழை. மிகக் கன மழை என்ற அறிவிப்பு வந்தால் ஆற்றோரக் குடியிருப்புகளைப் பற்றிப் பஞ்சாயத்து அன்றே ஆலோசிக்க வேண்டும். ஐயம் இருந்தால் ஜில்லாக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் அழைத்துக் கேட்கலாம்.

எவர் வெளியேற வேண்டும்?

ஊர் முழுவதும் வெளியேறுவது நம் பகுதியில் பெரும்பாலும் தேவையில்லை. மேட்டு நிலத்தில் உறுதியான கான்கிரீட் வீட்டில் இருப்போர் வீட்டுக்குள் இருப்பதே நல்லது. ஆனால் கீழ்க்கண்டோர் இருக்கலாகாது.

1. ஆறு, ஓடை, வாய்க்கால் ஆகியவற்றின் கரையோரத்தில் வசிப்போர்.

2. கண்மாய், குளம் ஆகியவற்றின் கரைக்குக் கீழே தாழ்வான இடத்தில் வசிப்போர்.

3. மண் சுவர் வீடுகள், கூரைக் குடிசைகள், தகரம் வேய்ந்த கொட்டகைகள், பெரிய புளிய மரத்தின் கீழ் உள்ள வீடுகள் ஆகியவற்றில் வசிப்போர்.

4. தரைப்பாலத்துக்கு அப்பால் உள்ள குக்கிராமங்களில், நோயாளிகள், பிரசவ நாள் நெருங்கிய பெண்கள், முதியோர், கைக்குழந்தைகள் உள்ள குடும்பத்தினர். பாலத்தின் மேல் நீர் ஏறிய பின் மருத்துவ உதவி வந்து சேராது.

5. மலையடிவாரத்தில் சரிவான இடத்தைக் குடைந்து கட்டிய வீடுகளில் இருப்போர்.

குளத்துக் கரையைக் கவனிக்கும் முறையும் ஒன்று உண்டு. கரையின் வெளிப்புறத்தில் தெளிந்த நீர் சிறிது கசிவது சாதாரணமாகக் காணக் கூடியதே. அந்த நீர் கலங்கி வந்தால், கரையின் உள்ளிருக்கும் மண் கரைந்து வருகிறது என்று பொருள். நீர்மட்டம் கரையின் உச்சியை நெருங்கி மேலும் ஏறுவதும் அபாயக் குறியே. இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால் மணல் மூட்டைக்கு ஆள் அனுப்பும் போதே, கீழே உள்ள தெருக்களையும் காலி செய்யத் தொடங்க வேண்டும். மூட்டை தாங்குகிறதா பார்ப்போம் என்று காத்திருத்தல் ஆகாது.

எப்பொழுது வெளியேறுவது?

நடுப்பகலுக்குள் தீர்மானம், பொழுது சாய்வதற்குள் பயணம்: இதுவே விதி. வானம் வெளுத்திருக்கும் போது வெளியேறச் சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று அங்கத்தினர்கள் தயங்குவதுண்டு. சிரிப்பைப் பொறுத்துக் கொள்ளலாம். இருட்டில், முழங்கால் அளவு ஓடும் நீரில், குழந்தையைத் தோளில் சுமந்து கொண்டு செல்வதே உண்மையான ஆபத்து. பள்ளம் தெரியாது, அறுந்து கிடக்கும் மின்கம்பி தெரியாது.

அவ்வாறு காலம் தவறி, தெருவில் நீர் வேகமாக ஓடத் தொடங்கி விட்டால், அதன் பின் நீரில் இறங்கி நெடுந்தூரம் நடக்கலாகாது. அருகில் உள்ள மாடி வீட்டிலோ உறுதியான மேல்தளத்திலோ ஏறி, தகவல் அனுப்பி, உதவிக்குக் காத்திருப்பதே தக்கது. காற்று திடீரென்று ஓய்ந்தாலும் உடனே வெளியே வரலாகாது. புயலின் நடுப்பகுதி கடக்கும்போது அமைதி நிலவி, பின்னர் எதிர்த் திசையிலிருந்து காற்று மீண்டும் வீசக்கூடும்.

மக்கள் தயங்குவது ஏன்?

வெளியேற மறுப்போரை அறியாதவர் என்று இகழ்தல் தவறு. அவர்கள் கூறும் காரணங்களுக்குப் பஞ்சாயத்து விடை தர வேண்டும்.

முதலாவது, ஆடு மாடுகள். ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் இரண்டு கறவை மாடுகளாக நிற்கும்போது, அவற்றை விட்டு வா என்றால் எவர் வருவார்? ஆகவே களத்துமேடு போன்ற உயரமான இடத்தை முன்பே குறித்து, கால்நடைகளைப் பகலிலேயே அங்கே ஓட்டி வைக்க வேண்டும். அதற்கும் முடியாவிடில் கட்டை அவிழ்த்து விட வேண்டும். கட்டுத்தறியில் நிற்கும் மாடு நீரில் மூழ்கும். அவிழ்த்து விட்ட மாடு மேடு தேடிப் போகும்.

இரண்டாவது, திருட்டுப் பயம். காலியான தெருக்களுக்குப் பாதுகாப்பான தூரத்திலிருந்து முறை வைத்துக் காவல் இருக்க ஊர் இளைஞர்களை நியமித்து, அவர்கள் பெயரைப் பஞ்சாயத்து அறிவிக்க வேண்டும். பட்டா, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், மருந்து ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி உடன் எடுத்துக் கொள்ளலாம். விதை தானியத்தைப் பரணில் ஏற்றலாம்.

மூன்றாவது, தங்குமிடத்தைப் பற்றிய கூச்சம். இதைப் பலர் வாய்விட்டுச் சொல்லார். ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் தமக்குச் சம இடம் கிடைக்குமா என்று காலனி மக்கள் ஐயுற்று, ஓடைக்கரைக் குடிசையிலேயே இருந்து விடுவதுண்டு. இந்த ஐயத்தைப் போக்குவது பஞ்சாயத்தின் பொறுப்பு. ஒரே கூரை, ஒரே சமையல், ஒரே குடிநீர் என்று முன்கூட்டியே அறிவித்து, அங்கத்தினர்களே நேரில் சென்று அழைத்து வர வேண்டும். பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பிடமும் இருக்க வேண்டும்.

நான்காவது, போன முறை ஒன்றும் நடக்கவில்லையே என்ற எண்ணம். வெளியேறி, ஆபத்து வராமற் போனால் நஷ்டம் ஓர் இரவுத் தூக்கம். வெளியேறாமல் ஆபத்து வந்தால் நஷ்டத்துக்கு ஈடில்லை. ஒடிசாவில் 1999-ஆம் ஆண்டுப் புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013-இல் பைலின் என்ற கடும் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது, ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். மாண்டவர்கள் நூற்றுக்கும் குறைவு.  மக்கள் சரியான நேரத்தில் இடம் மாறினார்கள்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, ஜில்லாவில் இப்பணிக்குத் தலைவர் கலெக்டர். எனினும் எந்தத் தெரு தாழ்ந்தது, எந்த வீட்டில் நடக்க இயலாத முதியவர் இருக்கிறார் என்பதை ஊரார்தான் அறிவர். ஆகவே ஐப்பசி பிறக்கும் முன்னரே பின்வருவனவற்றைச் செய்து முடிக்கலாம்.

வெளியேற வேண்டிய வீடுகளின் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலருடன் சேர்ந்து எழுதி வைத்தல். குளத்துக் கலிங்கிலும் ஆற்றுப் பாலத்தூணிலும் சிவப்புக் கோடு இட்டு, நீர் இக்கோட்டைத் தொட்டால் இன்ன தெருக்கள் புறப்பட வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானித்தல். பள்ளிக் கட்டிடத்தின் சாவி ஊரிலேயே வசிக்கும் ஒருவரிடம் இருக்கும்படி செய்தல். மின்சாரம் நிற்கும் முன் மேல்நிலைத் தொட்டியை நிரப்புதல். சத்துணவுக் கூடத்தில் அரிசி, பருப்பு, விறகு அல்லது எரிவாயு இருப்பதைப் பார்த்தல். ஒலிபெருக்கி இயங்காவிடில் வீடு வீடாகச் சென்று அறிவிக்க ஆள் ஏற்பாடு செய்தல்.

திரும்பி வருவதிலும் அவசரம் கூடாது. நனைந்த மண் சுவர் மழை நின்ற மறுநாளும் இடிந்து விழும். மின்வாரிய ஊழியர் பார்க்காமல் மோட்டார் பம்பு செட்டைத் தொடலாகாது. வெள்ளநீர் புகுந்த கிணற்றைச் சுகாதார ஆய்வாளரிடம் காட்டி, ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்த வேண்டும்.

மழையை வேண்டி நிற்கும் பூமி நம்முடையது. வரும் நீரைக் குளத்தில் தேக்கும் முயற்சியோடு, அந்த நீரின் வழியில் குடியிருப்போரைக் காக்கும் ஏற்பாட்டையும் நம் பஞ்சாயத்துகள் ஒரே பணியாகக் கருதி, வரும் மழைக் காலத்துக்கு முன்பே ஒரு கூட்டம் கூட்டி மேற்கண்ட பட்டியலை எழுதி முடிக்குமாறு கேட்டுக் கொள்கிறோம்.